தறிக்குழி காயும் வரை

குழித்தறி இருக்கிற வீட்டுக்குள் தண்ணீர் வாசற்படி ஏறித்தான் வர வேண்டும் என்றில்லை. தரைக்கு அடியிலிருந்தே வரும். நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிப்பார். அந்தக் குழி இரண்டரை, மூன்று அடி ஆழம் இருக்கும். தொடர்ந்து மழை கொட்டி நிலத்தடி நீர் அந்த மட்டத்துக்கு ஏறிவிட்டால், வீட்டில் முதலில் ஊற்றெடுப்பது அங்கேதான். தெருவில் நிற்கிறவர்களுக்கு எங்கள் வீட்டில் தண்ணீர் இருப்பதே தெரியாது. உள்ளே தறிக்குழி நிரம்பி, தறிக்கால்கள் ஊறிக்கொண்டிருக்கும்.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரை ஏறிய ஃபெஞ்சல் புயல், ஏறிய பிறகும் சீக்கிரம் நகராமல் அங்கேயே நின்று பொழிந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 1 அன்று எங்கள் மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண் வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் பிள்ளைகள். அந்தச் சாவுகளுக்குப் பக்கத்தில் வைத்து எங்கள் வீட்டுச் சேதத்தைப் பேசவே வாய் வரவில்லை. எங்களுக்கு உயிர்ச் சேதம் இல்லை, வீடும் இடியவில்லை. ஆனாலும் மழைக்குப் பிறகு அதிகம் இருப்பது இப்படிப்பட்ட வீடுகள்தான். கூரை ஒழுகியிருக்கும், சுவர் இடுப்பு வரை ஊறியிருக்கும், கரண்ட் போயிருக்கும். நிவாரணக் கணக்கில் சேராத அந்த வீட்டுக்குள்ளேயே சமைத்து, தூங்கி, பிள்ளையைப் படிக்க வைத்து, கொத்தனாருக்கும் வழி விட்டு வாழ்ந்தாக வேண்டும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரான ஆரணியில் பட்டு நெய்கிற வீடுகளில் பெரும்பாலும் வீடு வேறு, தொழிற்கூடம் வேறு கிடையாது. எங்கள் வீட்டில் முன்கூடம்தான் தறிக்கூடம். மாமனாரின் அப்பா காலத்து மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கலைக் குத்துவாட்டில் சுண்ணாம்பு வைத்து அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, மேலே தளவோடு பதித்த கூரை. பின்பக்கம் அடுப்பங்கரைக்கும் தாழ்வாரத்துக்கும் நாட்டு ஓடு. முன்கூடத்தில் என் வீட்டுக்காரருக்கு ஒரு தறி, எனக்கு ஒன்று. இரவில் தறிகளுக்கு நடுவே பாய் விரித்துத் தூங்குவோம். அதனால் அந்த ஒரு கூடம் நனைந்தபோது சம்பாத்தியமும் படுக்கையும் ஒரே இரவில் போயின.

தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் முதலில் காப்பாற்ற வேண்டியது பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். ஒரு பாவில் மூன்று புடவை வரும். அது எங்கள் பட்டு இல்லை, முதலாளி எடைபோட்டுக் கொடுத்த பட்டு. கணக்கு வைத்துத் திருப்பித் தர வேண்டும். வீட்டுக்காரர் தறியில் தை முகூர்த்தத்துக்கான புடவை பாதியில் நின்றது. பாவை அறுக்காமல், நெய்த பகுதியைப் படைமரத்தோடு சேர்த்துப் பாலித்தீன் சுற்றி, நீண்டு கிடந்த பாவைச் சுருட்டி உத்தரத்தில் தூக்கிக் கட்டினோம். ஜரிகை அப்படியும் கொஞ்சம் நிறம் மங்கியது. அதில் வெள்ளி இருக்கிறது. ஈரக் காற்று பட்டால் கறுக்கும். பட்டு காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும், உறிஞ்சினால் பாவு தொய்யும். நனைந்த பட்டை வெயிலில் போடக் கூடாது, நிழலில்தான் உலர்த்த வேண்டும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வெள்ளம் வடிந்ததும் எல்லாரும் தரை முழுக்க பிளீச்சிங் பவுடர் தூவுவார்கள். தரைக்கு அது நல்லதுதான். ஆனால் பட்டு என்பது முடி, நகம் போலப் புரதம். பிளீச்சிங் கரைசல் அந்த இழையையே தின்றுவிடும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்துச் சேந்தமங்கலம் கைத்தறிக் கிராமம் மூழ்கியபோது, ஓணத்துக்கு நெய்து வைத்திருந்த பருத்திச் சேலைகள் சேற்றில் ஊறிப் போயின. அவற்றைக் குளோரின் போட்டு வேகவைத்து, துண்டு போட்டு, 'சேக்குட்டி' என்று பொம்மை செய்து விற்று நெசவாளர்களுக்குப் பணம் சேர்த்தார்கள். பருத்தி அந்த வைத்தியத்தைத் தாங்கும், பட்டு தாங்காது. பட்டுத்தறி வீட்டில் பவுடர் தூவுவதற்கு முன் நூல், ஜரிகை, ஊடை நூல் சுற்றின தார்க்குச்சி எல்லாவற்றையும் வேறு அறைக்கு மாற்றிவிட வேண்டும். தூவின கையைக் கழுவாமல் இழையைத் தொடக் கூடாது.

குழித் தண்ணீரை மோட்டார் வைத்து ஒரேயடியாக இறைத்துவிடலாம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். சேவூரிலிருந்து வந்த வயதான மேஸ்திரி கூடாது என்றார். "சுத்தியும் மண்ணு ஊறி நிக்குதும்மா. குழிய மட்டும் காலி பண்ணினா வெளித் தண்ணி சுவத்த உள்ள தள்ளிடும். கெணறு எறங்கட்டும், கூடவே நாமளும் எறங்கலாம்." தெருக் கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க, நாங்களும் குழியில் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு ஊற்றினோம். அவசரப்பட்டிருந்தால் குழிச்சுவர் சரிந்து தறிக்காலும் சாய்ந்திருக்கும். கழிவறைத் தொட்டியும் அப்படித்தான். நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது தொட்டியைக் காலி செய்தால் வெளி அழுத்தத்தில் அது விரிசல் விடலாம். தண்ணீர் இறங்கும் வரை எதிர்வீட்டு அக்கா தன் வீட்டுக் கழிவறைச் சாவியை எங்கள் வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். வயசுக்கு வந்த பெண் இருக்கிற வீட்டில் அந்தச் சாவி எவ்வளவு பெரிய உதவி என்பது பெண்களுக்குத் தெரியும்.

இனி ரிப்பேர். எதை முதலில் செய்வது என்பதில்தான் குடும்பம் உடையப் பார்க்கும். வீட்டுக்காரருக்குக் குழி. "தறி ஓடினாத்தான் கஞ்சி, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். மாமியாரான அத்தைக்கு அடுப்பங்கரைச் சுவர். மகனுக்குக் கழிவறை. மகள் அப்போது பத்தாம் வகுப்பு, 2025 மார்ச் 28 அன்று பொதுத்தேர்வு தொடங்க இருந்தது. அவள் கேட்டது, "ராத்திரி படிக்க ஒரு லைட்டும் சாத்துற மாதிரி ஒரு கதவும் குடும்மா" என்பதுதான். நால்வர் கேட்டதும் நியாயம். தீபத்துக்கு முந்தின ஒரு சாயங்காலம் மேஸ்திரியையும் உட்கார வைத்துப் பேசினோம். அவர் யார் பக்கமும் சேரவில்லை. மேலிருந்து தண்ணீர் வருகிற வரை கீழே செய்கிற எந்த வேலையும் வீண், ஆகவே முதலில் கூரை. அடுத்து கரண்ட், ஈரச் சுவரில் உயிரோடு ஒயர் ஓடினால் ஆளைக் கொல்லும் என்றார். கழிவறை மூன்றாவது. குழி, சுவர், அடுப்பங்கரை எல்லாம் காய்ந்த பிறகு. மகள் கேட்டது மட்டும் மேஸ்திரி வேலை இல்லை, அது எங்கள் வேலை. வெளியாள் ஒருவர் சொன்னதால் யாருக்கும் தோற்றுப்போன உணர்வு வரவில்லை. அந்த வரிசையை மகள் நோட்டில் எழுதிக் கதவில் ஒட்டினாள்.

கூரைக்கு அரிசி மில்லில் கெஞ்சி வாங்கிய நெல்களத் தார்ப்பாய் ஒன்றுதான் முதலில் குடை. ஆரணியில் பட்டுக்கு அடுத்தது அரிசி என்பதால் தார்ப்பாய்க்குப் பஞ்சமில்லை. மழை விட்டதும் ஏறிப் பார்த்தால் கோளாறு சின்னது. மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் வேப்பிலையும் மண்ணும் அடைத்துத் தண்ணீர் தேங்கி, தளவோட்டுச் சந்தில் இறங்கியிருந்தது. ஒரு மூலையில் அரசஞ்செடி வேர் விட்டிருந்தது. மேலே ஒரு அங்குலம் சிமெண்ட் பூசிவிடலாம் என்று இன்னொரு கொத்தனார் சொன்னார், மலிவும் கூட. பழைய சுண்ணாம்புத் தளத்தின் மேல் கனமான சிமெண்ட் பூச்சு வைத்தால் பாரம் கூடும். கோடையில் இரண்டும் ஒரே அளவில் விரியாது, ஆகவே வெடிக்கும். வெடித்த இடத்தில் புகுந்த தண்ணீர் ஆவியாகி வெளியே போக வழியும் இருக்காது. செடியை வேரோடு எடுத்து, சந்துகளைச் சுரண்டி, சுண்ணாம்பும் செங்கல் தூளும் கடுக்காய்த் தண்ணீர், வெல்லத் தண்ணீர் விட்டுக் குழைத்து அடைத்தார் மேஸ்திரி. உத்தரங்கள் சுவருக்குள் நுழைகிற முனைகளை உளியால் குத்திப் பார்த்தார். மரம் அழுகத் தொடங்குவது அந்த மறைந்த முனையில்தான். ஒன்று மட்டும் மெத்தென்றிருந்தது, அதற்குப் பக்கத்தில் முட்டுக் கொடுத்தோம்.

காய்வதுதான் எல்லாவற்றிலும் கடினம். நனைந்த செங்கல் சுவர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் காயும் என்று கட்டடத் தொழிலில் பொதுவாக ஒரு மதிப்பு உண்டு. ஒன்பது அங்குலச் சுவருக்கு எத்தனை மாதம் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வெயிலில் கொஞ்சம் சீக்கிரம் ஆகும், ஆனால் நாங்கள் நனைந்தது கார்த்திகையில், அடுத்து வருவது பனி கொட்டும் மார்கழி. வேறு இரண்டு கொத்தனார்கள் "பொங்கலுக்குள்ள பூசி பெயின்ட் அடிச்சிக் குடுத்துடறோம்" என்றார்கள். கேட்க ஆசையாக இருந்தது, தை பிறக்கும்போது வீடு பளபளப்பாக இருக்க வேண்டும் என்று யாருக்குத்தான் இருக்காது? ஆனால் ஈரத்தின் மேல் சிமெண்ட்டும் பட்டியும் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். கோடையில் அது வெளியேறப் பார்க்கும்போது சுவரிலுள்ள உப்பையும் இழுத்து வரும். வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்து, பூச்சைத் தள்ளிப் பொடிப்பொடியாக உதிர்க்கும். கொடுத்த காசு அத்தனையும் ஒரே வருடத்தில் தரையில் கிடக்கும்.

ஆகவே சுவரில் முதல் வேலையாக, பூசுவதற்குப் பதில் உடைத்தோம். இடைக்காலத்தில் யாரோ பூசியிருந்த சிமெண்ட்டை ஈரக்கோட்டுக்கு மேலும் ஒன்றரை அடி வரை கொத்தி எடுத்து, உள்ளேயிருந்த சுண்ணாம்புச் செங்கலைத் திறந்து விட்டோம். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து முறத்தில் வாரி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளேயே போகும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிற மாதிரி கதவு ஜன்னல் திறந்து வைப்பது பெரிய வைத்தியம். வயர்மேன் வந்து பார்த்து, நனைந்த பெட்டிகளை மாற்றி, கசிவு இருந்தால் தானே அணைக்கிற டிரிப்பர் ஒன்றையும் பொருத்திய பிறகு, மின்விசிறிகளைச் சுவரைப் பார்த்து வைத்தோம். கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் உண்டு, 2023 வரை அது 200. அந்த மாதங்களில் கூடுதலாகக் கிடைத்த நூறு யூனிட்டும் சுவர் காயவே போயிற்று.

காய்ந்துவிட்டதா என்று கையால் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது, மேல் தோல் காய்ந்து உள்ளே ஈரம் இருக்கும். அதற்குச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. ஒரு முழம் பாலித்தீன் தாளைச் சுவரில் ஒட்டி நாலு பக்கமும் டேப்பால் அடைத்துவிடுங்கள். மறுநாள் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். எங்கள் வீட்டில் மாசி முழுக்க வியர்த்துக்கொண்டே இருந்தது. அந்தத் தாளை வைத்துத்தான் வீட்டுக்காரரைப் பொறுமையாக இருக்கச் சொன்னேன், என் வார்த்தையை நம்பாதவர் தாளை நம்பினார்.

அத்தைக்கு இழுப்பு உண்டு. நனைந்த துணி, மரம், அட்டை எல்லாம் ஓரிரு நாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும், அந்த வாசனையே இழுப்புக்காரர்களுக்கு விஷம். அந்த வீட்டில் அவரைப் படுக்க வைக்க முடியாது. தேவிகாபுரத்தில் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பலாம் என்றதும் அவர் முகம் விழுந்துவிட்டது. "வூடு நனைஞ்சா கிழவியத்தான் மொதல்ல வெளிய போடுவீங்களா?" என்று கேட்டார். மகளும் நானும் இரண்டு நாள் பேசியும் நடக்கவில்லை. கடைசியில் மகன்தான் வழி கண்டான். பாட்டியின் ராட்டையைத் தூக்கி வண்டியில் கட்டி, "பாட்டி, நீ அங்க இருந்து தார் சுத்திக் குடு, நான் வந்து வாங்கிக்கினு போறேன்" என்றான். அவர் போனார். அங்கிருந்தபடியே எங்கள் தறிக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுத் தறிக்கும் தார் சுற்றினார். வீட்டுப் பெரியவர்களை ரிப்பேர் காலத்தில் வேறிடம் அனுப்புகிறவர்கள் அவர்களின் வேலையையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பதை நான் அடித்துச் சொல்வேன். மருந்து டப்பாவை மட்டும் கொடுத்து அனுப்புவது கொடுமை.

தறி நின்ற நெசவாளியைச் சமாளிப்பது அதைவிடப் பெரிய பாடு. என் வீட்டுக்காரர் பொழுது விடிந்ததும் குழிக்குள் காலை விட்டுப் பழகியவர். வேலை இல்லாமல் வாசலில் உட்கார்ந்தால் கொத்தனார் மேலும் பிள்ளைகள் மேலும் எரிந்து விழுந்தார். எனக்குக் கோபத்தைவிட அவர் மேல் வருத்தம்தான் அதிகம். கூலி என்பது தறி ஓடினால்தான். மாதச் சம்பளக்காரருக்கு வீட்டு ரிப்பேர் செலவு மட்டும்தான், எங்களுக்குச் செலவும் வருமானமின்மையும் ஒன்றாக வரும். இந்தியா முழுக்கக் கைத்தறியில் 35 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இருப்பதாக 2019-20 கணக்கெடுப்பு சொல்கிறது. பெரும்பாலோர் வீட்டிலேயே நெய்கிறவர்கள். வீடு நனைந்தால் வேலையும் நனையும் என்ற இந்த இரட்டை நஷ்டத்துக்கு நிவாரணப் படிவத்தில் தனிக் கட்டம் வேண்டும் என்பது என் கோரிக்கை.

அவருக்கு வழி சேவூரில் கிடைத்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தறியை விட்டுச் செய்யாறு சிப்காட் செருப்புக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள், அவர்கள் விட்ட தறிகள் சும்மா கிடக்கின்றன. உறவுக்காரர் வீட்டில் அப்படி ஒன்றைக் கேட்டு, முதலாளியிடம் சொல்லி, பாவை அங்கே மாற்றிப் பிணைத்தோம். புடவையில் பூ விழ வைக்கிற ஜக்கார்டு அட்டைகள் ஈரத்தில் நெளிந்திருந்தன. நெளிந்த அட்டை ஓட்டையைத் தப்பாகக் காட்டும், புட்டா கெடும். அவற்றைப் பலகைக்கு இடையில் அடுக்கிப் பாரம் வைத்துக் காய வைத்து, மிக மோசமானதை மட்டும் புதிதாக அடித்து வாங்கினோம். அவர் காலையில் டிபன் டப்பாவோடு வேலைக்குப் போகத் தொடங்கியதும் வீட்டில் குரல் தாழ்ந்தது.

மிச்சமிருந்த மூவருக்கும் இடம் பிரித்தேன். பின் தாழ்வாரத்தின் ஒரு மூலையில் பழைய பாவுப் பலகையை நிறுத்தித் தடுப்பு செய்து, ஒரு பல்பும் தொங்கவிட்டு, அது மகளின் இடம் என்று சொல்லிவிட்டேன். கொத்தனார் சாமான் எதுவும் அங்கே வராது, அப்பாவே என்றாலும் கூப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மகனுக்கு மொட்டைமாடி. கேஸ் அடுப்பை வாசல் திண்ணைக்குக் கொண்டு வந்து காலையில் சோறும் ஒரு குழம்பும் மட்டும் வைப்பேன், இரவுக்கு இட்லி கடையில். அந்த மாதங்களில் பலகாரம், விருந்து எதுவும் கிடையாது என்று சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ரேஷன் கார்டு, நெசவாளர் அட்டை, பாஸ்புக், மகளின் சான்றிதழ்கள் ஒரு தகரப் பெட்டியில் எதிர்வீட்டில் இருந்தன. தூசி வேலை எதுவானாலும் மகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில்தான், ஐந்து மணிக்கு மேல் சுத்தியல் சத்தம் கூடாது என்று மேஸ்திரியிடம் முதல் நாளே பேசினேன். அவரும் அதை ஒரு நாளும் மீறவில்லை.

மேஸ்திரியிடம் பேசும்போது நாங்கள் பொருளை நாங்களே வாங்கி, கூலியை மட்டும் வேலை முடிய முடியக் கொடுத்தோம். கூரை முடிந்ததும் ஒரு பங்கு, கழிவறைக்கு ஒன்று, பூச்சுக்கு ஒன்று. மொத்த முன்பணம் வாங்கிக்கொண்டு அடுத்த ஊர் வேலைக்குப் போனவர்களைத் தெருவில் பார்த்திருக்கிறோம், வெள்ளத்துக்குப் பிறகு கொத்தனாருக்கு எல்லா ஊரிலும் கிராக்கி. சேதத்தைச் சுத்தம் செய்வதற்கு முன்பே போனில் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் கைத்தறித் துறையிலும் தறிச் சேதத்தைத் தனியாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கழுவிவிட்ட பிறகு தறி நனைந்ததற்குச் சாட்சி இல்லை.

பங்குனியில் பாலித்தீன் தாள் வியர்ப்பது நின்றது. அப்போதுதான் குழிச்சுவரைச் செங்கல் வைத்துக் கட்டினோம், முன்பு இருந்ததைவிட விளிம்பை நாலு அங்குலம் உயர்த்தி. தறிக்கால்கள் ஈரத்தில் உப்பிக் காய்ந்ததில் மட்டம் மாறியிருந்தது. மாமனார் காலத்து ஆள் ஒருவர் வந்து நூல் பிடித்து மட்டம் பார்த்து நிறுத்தினார். சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான், மேலே வெள்ளையடிப்பும் சுண்ணாம்பே. அத்தைக்குப் பச்சை பெயின்ட் வேண்டுமாம், தேவிகாபுரத்திலிருந்து திரும்பிய நாள் முதல் கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுப்பங்கரைச் சுவரில் மட்டும் இன்னும் கொஞ்சம் உப்பு பூக்கிறது, அதை அடுத்த கோடைக்கு விட்டிருக்கிறோம். ரிப்பேருக்கு முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தை ஒவ்வொரு புடவைக் கூலியிலும் பிடித்துக்கொள்கிறார்கள். ஐப்பசிக்கு முன் மாடிக் குழாய் வாயைச் சுத்தம் செய்வது மகன் பொறுப்பு என்று கதவிலுள்ள அந்தத் தாளின் அடியில் மகள் எழுதி வைத்திருக்கிறாள்.